விகாரம் என்று நான் சொன்ன சனிக்கிழமை

சனிக்கிழமைகளில் எங்கள் மருத்துவ நிலையத்துக்குத் தோல் நோய் மருத்துவர் வருவார். பதுளை நகரில் ஒரு கடை வரிசையின் மேல்மாடியில் இருக்கும் சிறிய தனியார் நிலையம் அது. வருகிறவர்களின் விபரங்களைப் பதிவதும், சிங்களத்தில் பேசும் மருத்துவருக்கும் தமிழில் பேசும் தோட்டத்து மக்களுக்கும் நடுவே நின்று மாற்றிச் சொல்வதும் என் வேலை. பதினெட்டு வருடங்களாகச் செய்கிறேன். அன்றன்று நடந்ததை நேரத்தோடு நாட்குறிப்பில் எழுதிவைப்பது அதற்கும் முந்தைய பழக்கம். இங்கே சொல்வதில் பெரும்பகுதி அந்தக் குறிப்பிலிருந்து எடுத்தது. நான் பார்க்காமல் பிறர் சொல்லக் கேட்டதை அப்படியே கேட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை 9.20க்கு ஏழாம் இலக்கத்தை உள்ளே அழைத்தேன். மடுல்சீமைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். ஓர் இளம் தாய், எல்லவில் ஹோட்டல் வேலை பார்க்கும் அவள் கணவன், கணவனின் தகப்பனார். தகப்பனார் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். உயரமானவர், முழு வழுக்கை. குழந்தை பிறந்து அன்று இருபத்துநான்காம் நாள். பெண் குழந்தை. கறுகறுவென்ற முடிக்கு நடுவே, நெற்றிக்கு நேர் மேலே, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கற்றை மட்டும் பஞ்சு போல வெள்ளையாக இருந்தது. அதன் கீழே நெற்றித் தோலிலும் ஒரு சிறு முக்கோணம் வெளிறியிருந்தது.

"இது வெண்குஷ்டமான்னு மட்டும் கேளுங்க மிஸ்," என்றார் தகப்பனார்.

மருத்துவர் குழந்தையை முழுவதும் பார்த்தார். குழந்தையின் தாய் தகப்பன் இருவரின் தலையையும் பார்த்தார். இரண்டு குடும்பத்திலும் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார். யாருக்கும் இல்லை. பிறகு சிங்களத்தில் சொன்னார்: இது நோய் அல்ல, பரவாது, மருந்து தேவையில்லை, முடியின் நிறம் தொடர்பான பரம்பரையலகு ஒன்றில் புதிதாக ஏற்பட்ட 'விக்ருதியக்', ஆயுள் முழுக்க இப்படியே இருக்கும், ஒன்றும் செய்யாது.

நான் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். பல்கலைக்கழகத்துக்குப் போகப் புள்ளிகள் போதவில்லையே தவிர, பாடம் மறக்கவில்லை. விக்ருதி என்ற சிங்களச் சொல்லுக்கு எங்கள் தமிழ்ப் பாடப்புத்தகத்தில் என்ன சொல் என்பது எனக்குத் தெரியும். ஒரு நொடிகூடத் தயங்காமல் சொன்னேன்:

"இது நோய் இல்லீங்க. ஒரு விகாரம். பொறக்கும்போதே புதுசா வந்தது. மாறாது. கடைசி வரைக்கும் இப்படியேதான் இருக்கும்."

தகப்பனார் "விகாரமா?" என்று ஒருமுறை கேட்டார். "ஆமாங்க," என்றேன். வேறு எதுவும் கேட்காமல் எழுந்தார். பதிவேட்டில் என் கையால் எழுதினேன்: 9.34, விளக்கப்பட்டது.

மூன்று வாரம் கழித்து அந்தத் தாய் மறுபடி வந்தாள். இந்த முறை கணவனும் மாமனாரும் இல்லை. அவளைப் பெற்ற தாய் லுணுகலையிலிருந்து கூட வந்திருந்தார். மருத்துவர் இரண்டு நிமிடத்தில் பார்த்து அனுப்பிவிட்டார். ஆனால் அவள் வெளியே போகாமல் என் மேசையருகே நின்றாள்.

"மிஸ், நீங்க அன்னைக்குச் சொன்ன வார்த்தைய மாத்த முடியுமா?"

"எந்த வார்த்தை?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "விகாரம்."

"அந்த ஒத்த வார்த்தைய வச்சிக்கிட்டு எங்க சம்பந்தி ஊரையே கூட்டிட்டாரு," என்றார் அவள் தாய். "டாக்டரே சொல்லிட்டாருன்னு பெரட்டுல வேற சொல்லியிருக்காரு."

தோட்டத்தில் காலையில் எல்லோரும் கூடி நின்று வேலை பிரித்துக்கொள்ளும் இடம் பெரட்டுக்களம். அங்கே சொல்லப்பட்ட ஒரு சொல் எட்டு மணிக்குள் எல்லா மலைகளுக்கும் கொழுந்துக் கூடையோடு சேர்ந்து போய்விடும்.

"முப்பத்தோராம் நாளு பேர் வைக்கிறதா இருந்திச்சு," என்றாள் மகள். "மாமா நிப்பாட்டிட்டாரு. விகாரம் போன பொறகு புள்ளயோட வா, அப்ப பேர் வைக்கலாம்னு சொல்லி அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாரு. நீங்க அது கடைசி வரைக்கும் போகாதுன்னு சொல்லியிருக்கீங்க. அப்ப நான் எப்ப மிஸ் வீட்டுக்குப் போறது?"

கேள்வி கணக்குப் போல நேராக இருந்தது.

"வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"ஃபோன்ல அழுவுறாரு. அப்பாகிட்ட பேசுங்கன்னா, நீ பேசுங்கிறாரு."

"மருமகன் எல்லவுல வெள்ளக்காரங்ககிட்ட மூணு பாஷை பேசுவாரு," என்றார் தாய். "அப்பன்கிட்ட ஒன்னும் வராது."

அன்று மாலை வீட்டில் அகராதியைத் திறந்தேன். விகாரம்: அவலட்சணம், உருக்கேடு, மாறுபாடு. மாறுபாடு மூன்றாவதாகத்தான் இருந்தது. பேச்சில் அது இல்லவே இல்லை. "விகாரமான மூஞ்சி" என்று வைகிற ஒரு சமூகத்தின் முன் நின்று, இருபத்துநான்கு நாள் குழந்தையைக் காட்டி, விகாரம், போகவே போகாது என்று நான் சொல்லியிருக்கிறேன். பரீட்சைத் தாளில் எழுதியிருந்தால் முழுப் புள்ளி கிடைத்திருக்கும்.

உயர்தரக் குறிப்புக் கொப்பியை இன்னும் வைத்திருக்கிறேன். 'கூர்ப்பு' என்ற தலைப்பில் தேடினேன். இந்தியாவில் பரிணாமம் என்று சொல்வதற்கு எங்கள் புத்தகங்கள் வைத்திருக்கும் பெயர் அது. புதிய இனங்கள் எப்படி உண்டாகின்றன என்பதற்குச் சொல்லப்பட்ட விளக்கங்களில் மூன்றாவதாக அது இருந்தது: விகாரக் கொள்கை. போன நூற்றாண்டு தொடங்கிய நேரத்தில் ஹொலந்து நாட்டுத் தாவரவியலாளர் ஒருவர் சொன்னது. கைவிடப்பட்ட ஓர் உருளைக்கிழங்குக் காட்டில், மாலையில் மலரும் ஒரு மஞ்சள் பூச்செடி மண்டிக் கிடந்தது. அவற்றிடையே சில செடிகள் மற்றவற்றைப் போல இல்லை. அவர் விதையெடுத்துத் தன் தோட்டத்தில் வருடக் கணக்காக வளர்த்தார். ஆயிரக்கணக்கான செடிகளிடையே திடீரென்று ஒன்று இராட்சத உயரத்தில், இன்னொன்று குள்ளமாக, இன்னொன்று சிவந்த நரம்புகளோடு வந்தது; அவற்றில் சிலவற்றின் பிள்ளைகளும் அப்படியே வந்தன. சிறுகச் சிறுகச் சேர்ந்த மாற்றங்களால் அல்ல, ஒரே பாய்ச்சலில்தான் புதிய இனம் பிறக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அந்தப் பாய்ச்சலுக்கு வைத்த பெயரைத்தான் எங்கள் புத்தகம் விகாரம் என்று தமிழாக்கியிருந்தது. கைபேசியில் தேடியபோது, தமிழ்நாட்டுப் புத்தகங்களில் அதையே 'சடுதி மாற்றம்' என்று எழுதுகிறார்கள் என்பதும் தெரிந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு இந்நேரம் பேர் வைத்திருப்பார்கள்.

குழந்தையின் தாய்க்குத் தொலைபேசி எடுத்து, மாமனாரிடம் நான் நேரில் போய்ப் பேசலாமா என்று கேட்டேன்.

"போங்க மிஸ். ஆனா நான் கெஞ்சினேன்னு மட்டும் சொல்லிராதீங்க."

ஞாயிறு காலை 6.45 பஸ். பசறையில் மாறி, மடுல்சீமைப் பாதையில் குலுங்கி, பெரியவரின் மகன் தொலைபேசியில் சொன்ன பாலத்தருகே 9.05க்கு இறங்கினேன். அங்கிருந்து ஏறு பாதையில் முப்பத்தைந்து நிமிட நடை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் பின்னால் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார் பெரியவர். மனைவி இறந்து சில வருடங்களாக வீட்டில் சமையலும் அவர்தான் என்று மகன் சொல்லியிருந்தான். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொண்டார். முகம் இறுகியது.

"புள்ளைக்கு இன்னும் ஏதாவது கண்டுபுடிச்சிருக்கீங்களா?"

"இல்லண்ணே. தப்பு என்மேல. நான் சொன்ன வார்த்தை பிழை. டாக்டர் அப்புடிச் சொல்லல."

"அப்ப அது விகாரம் இல்லியா?"

"புத்தகத்துல அந்த வார்த்தைதான். ஆனா அங்க அதுக்கு அர்த்தம் வேற."

"வார்த்தை ஒன்னு, அர்த்தம் ரெண்டு." கம்பை மண்ணில் ஊன்றினார். "ஓட்டுக் கேக்க வாரவங்க மாதிரி பேசுறீங்க மிஸ்."

ஆனாலும் அடுப்படியிலிருந்து ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார். உட்கார்ந்து ஹொலந்துக்காரர் கதையைச் சொன்னேன். கிழங்குக் காடு என்ற இடத்தில் நிறுத்தினார்.

"கெழங்குக் காட்டச் சும்மாவா போட்டு வச்சிருந்தாங்க?"

"ஆமா, கைவிட்ட காடு."

"வெலிமடைக்காரங்ககிட்ட இதச் சொல்லிராதீங்க. கெழங்கு போடாம பூவ எண்ணிக்கிட்டு நின்னா வீட்டுக்குள்ள சேக்க மாட்டாங்க." கொஞ்சம் சிரித்தார். "சரி, சொல்லுங்க."

கவ்வாத்துக்காரருக்குச் செடியைக் காட்டித்தான் புரியவைக்க வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே தீர்மானித்திருந்தேன். அதனால் கேட்டேன்: "இத்தன வருசத்துல, ஒரே செடியில ஒரு கொப்பு மட்டும் வேற மாதிரி வந்தத நீங்க பாத்ததில்லையா?"

"பாக்காம? ஆறாம் நம்பர் மலையில ஒரு செடி. ஒரு கொப்பு மட்டும் இலையெல்லாம் வெள்ளக் கோடு கோடா."

"அதே மாதிரிதான் இதுவும்."

"அத வெட்டி வீசிட்டேன்," என்றார். "கொழுந்துக்கு ஆகாது. கொப்பு அப்புடி வந்தா வெட்டச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம்."

நாட்குறிப்பில் அந்த இடத்தில் "10.10, என் உதாரணம் எனக்கே எதிராகத் திரும்பியது" என்று மட்டும் இருக்கிறது. அவரும் தான் சொன்னதைக் கேட்டவர் போலக் கையிலிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லயத்துக்கு எதிரே ஒரே சீராக, ஒரே பச்சையில் ஒரு மலை தெரிந்தது. வெட்டித் துண்டு நட்டு வளர்க்கும் வீப்பி தேயிலை. பக்கத்து மலையில் பழைய விதைத் தேயிலை, ஒரு செடி போல இன்னொன்று இல்லை. வேறு வழி தெரியாமல் அதைக் காட்டிக் கேட்டேன்.

"அந்த வீப்பி மலைக்குத் துண்டு எங்கருந்து வந்திச்சு?"

"தாய்ச்செடிலருந்து. எல்லாம் ஒரு செடியோட புள்ளைங்கதான்."

"அந்த ஒரு செடி எங்க கெடச்சிச்சு?"

"விதைத் தேயிலை மலையிலதான் பாத்து எடுத்திருப்பாங்க. கொழுந்து நல்லா வாரது, வெயிலுக்குக் காயாதது."

"எத்தன செடியப் பாத்து?"

"அது எவ்வளவோ."

"மத்த எல்லாத்து மாதிரியும் இருந்திருந்தா அத எடுத்திருப்பாங்களா?"

அவர் இரண்டு மலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "டாக்டர விட நீங்க கெட்டிக்காரி மிஸ்," என்றார். பாராட்டா கேலியா என்று எனக்கு நிச்சயமில்லை.

இங்கே ஒன்றைச் சரியாகப் பதிய வேண்டும். அந்த உதாரணம் பிழை. விதைச் செடிகள் ஒன்றுபோல் இல்லாதது பெரும்பாலும் மகரந்தக் கலப்பால். அது விகாரம் அல்ல. பஸ்ஸில் திரும்பும்போது இது மனதை உறுத்தியது. அந்த ஹொலந்துக்காரரின் உதாரணமும் பிழைதான் என்பதையும் கொப்பியிலேயே எழுதியிருந்தேன். அவர் கண்ட பூச்செடிகள் பெரும்பாலும் அவர் நினைத்த வகையில் மாறியவை அல்ல. அந்தச் செடியில் மரபைச் சுமக்கும் நிறமூர்த்தங்களின் அமைப்பே விசித்திரமானது என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். மாற்றங்கள் அநேகமாகச் சிறியவை, அவற்றில் எது நிலைக்கும் என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது என்றும் கண்டார்கள். ஒரே பாய்ச்சலில் இனம் பிறக்கும் என்ற அவர் கொள்கை நிற்கவில்லை. ஆனால் யாருடைய குற்றமும் இல்லாமல், முன்னால் இல்லாத ஒன்று ஓர் உயிரில் வந்துவிடலாம் என்று அவர் சொன்னது நின்றது.

அதைத்தான் பெரியவரிடம் கடைசியாகச் சொன்னேன். "யாரு செஞ்ச பாவமும் இல்லண்ணே. ஒங்க மருமக செஞ்சதோ, நீங்க செஞ்சதோ இல்ல. புதுசா வந்திருக்கு. அவ்வளவுதான்."

"பாவம்னு நான் சொல்லலியே."

"சொல்லலதான். ஆனா நெனச்சீங்க."

அவர் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "நாந்தான் மிஸ் பெரட்டுல வாய வுட்டேன். எல்லாரும் புள்ளைக்கு என்னா, என்னான்னு கேட்டாங்க. டாக்டரே விகாரம்னுட்டாருன்னேன். மூஞ்சியப் பாத்தா விகாரமாவே இல்ல, அழகாத்தான் இருக்கு. ஆனா படிச்சவங்க சொல்லிட்டாங்களேன்னு நெனச்சேன். இப்ப திரும்பப் போயி நான் என்னான்னு சொல்றது?"

அவர் அன்றே சட்டை மாற்றிக்கொண்டு என்னோடு பசறை வரை வந்தார். நான் பதுளை பஸ்ஸிலும் அவர் லுணுகலை பஸ்ஸிலும் ஏறினோம். 1.50.

லுணுகலையில் நடந்தது மருமகள் மறுநாள் தொலைபேசியில் சொன்னது. மாமனார் வந்து குழந்தையைத் தூக்கினாராம், நெற்றியைத் தடவினாராம், நாளைக்கே கிளம்பு என்றாராம்.

"வரமாட்டேன்னுட்டேன் மிஸ்."

"ஏன்?"

"பெரட்டுல சொன்னத பெரட்டுலயே மாத்திச் சொல்லுங்க மாமா, அப்புறம் வாரேன்னு சொன்னேன். நான் அங்க போயி கூடைய மாட்டிக்கிட்டு நிக்கணும். எம்புள்ள அந்த லயத்துலதான் வளரணும். நீங்க வீட்டுக்குள்ள சொன்னா ஆச்சான்னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"டீ குடிக்காம எந்திரிச்சாரு. வாசல் வரைக்கும் போயி, திரும்பி வந்து டீயக் குடிச்சிட்டுப் போனாரு."

பெரட்டில் நடந்தது செவ்வாய்க்கிழமை. லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பெண் மருமகளுக்குச் சொல்லி, மருமகள் குரல் மாற்றி நடித்து எனக்குச் சொன்னாள். கணக்கப்பிள்ளை வேலை பிரித்து முடித்ததும் மாமனார் கையைத் தூக்கினாராம்.

"என்ன, லீவா?" என்றாராம் கணக்கப்பிள்ளை.

"இல்லீங்க. ஒரு வார்த்தை தப்பாச் சொல்லிட்டேன். அத வாபஸ் வாங்கிக்கிறணும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

"எம்பேத்திக்கு விகாரம்னு நான் சொன்னது தப்பு. சிங்களத்துலருந்து தமிழுக்கு வரும்போது வார்த்தை கெட்டுப்போச்சு. நோயும் இல்ல, பாவமும் இல்ல. ஹொலந்து நாட்டுல பூவுக்கெல்லாம் வந்திருக்கு. இனிமே யாராவது விகாரம்னு சொன்னா எங்கிட்டதான் பேசணும்."

"அப்ப என்னா வார்த்தை சொல்றது?" என்று பின்வரிசையில் ஒருத்தி கேட்டாளாம்.

"புதுசுன்னு சொல்லுங்க."

"அப்ப ஒங்க தலைக்கு என்னா மாமா வார்த்தை?"

"இது பழசு," என்று வழுக்கையைத் தட்டிக் காட்டினாராம். கணக்கப்பிள்ளைகூடச் சிரித்துவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை அவள் மடுல்சீமைக்குப் போனாள். மகன் எல்லவிலிருந்து வந்து கூட்டிப் போனான். அடுத்த வாரம் குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். எனக்கு வேலை நாள், போக முடியவில்லை. என் பதிவேட்டில் இப்போது அந்தச் சொல்லை எழுதுவதில்லை. "பிறவியிலேயே புதிதாக வந்த மாற்றம்" என்று நீளமாகவே எழுதுகிறேன், நீளமாகவே சொல்கிறேன். சொல்லிவிட்டு, "நான் சொன்னது உங்களுக்கு என்னான்னு வெளங்கிச்சு?" என்று அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்கிறேன். இதனால் ஒவ்வொருவருக்கும் நான்கு நிமிடம் கூடுதலாகிறது. மருத்துவர் முதலில் முணுமுணுத்தார். இப்போது பழகிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, 11.15க்கு, பெரியவரும் மருமகளும் குழந்தையோடு படியேறி வந்தார்கள். இலக்கம் எடுக்கவில்லை. மருத்துவரைப் பார்க்க வரவில்லை, ஒரு கேள்வி மட்டும் என்றார்.

"இவ வளந்து இவளுக்கு ஒரு புள்ள பொறந்தா, அதுக்கும் இது வருமா மிஸ்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். அன்று அந்த ஏறு பாதையில் நடந்தபோதே பயந்தது இதற்குத்தான். ஆனால் அரைகுறையாக விளக்கினால் என்ன ஆகும் என்று பார்த்தாயிற்று. உள்ளே போய் மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு வந்தேன்.

"வரலாம்ணே. வராமலும் இருக்கலாம். ஒவ்வொரு புள்ளைக்கும் பாதிக்குப் பாதி."

மருமகள் என்னைப் பார்க்கவில்லை, மாமனாரைப் பார்த்தாள். அவர் குழந்தையின் நெற்றியிலிருந்த கற்றையை இரண்டு விரலால் நிமிர்த்தி நிறுத்தினார். அது நிற்காமல் விழுந்தது.

"அப்ப இதுக்கு முன்னாடி நம்ம குடும்பத்துல இல்ல. இனிமே இருக்கும்."

"இருக்கலாம்."

"அப்ப நம்ம லயத்துலருந்துதான் இது ஆரம்பம்."

எனக்குத் திருத்த வேண்டியிருந்தது. "ஒலகத்துல வேற குடும்பங்கள்லயும் இப்புடி வந்திருக்குண்ணே. இது மொதல் தடவை இல்ல."

"ஒலகத்துல வந்திருக்கும். மடுல்சீமையில?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"ஒங்க பொஸ்தகத்துல எல்லாத்தையும் எழுதுவீங்கதானே? அப்ப அத எழுதிக்கிருங்க மிஸ்," என்றார். "மாமா, போதும், பின்னால ஆள் நிக்குது," என்று மருமகள் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை. நான் பேனாவைத் திறந்து நேரத்தைக் குறித்து எழுதும்வரை, தானே எழுத்துக் கூட்டிப் படித்துச் சரி என்று சொல்லும்வரை, மேசைக்கு முன்னால் நின்றார்.